கழுவிப் பார்த்துச் சொல்கிறவர்

அவரிடமிருந்து ஒரு 'நல்லாருக்கு' வாங்க எனக்கு மூன்று நாள் பிடித்தது. அதுவும் என் நெத்திலிச் சம்பலுக்கு.

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் அந்தச் சம்பலைச் சாப்பிட்டுவிட்டுச் சும்மா எழுந்து போனவர் கிடையாது. முதல் நாள் டப்பாவைத் திறந்து அவர் முன்னால் வைத்துவிட்டு, மேசையைத் துடைக்கிற சாக்கில் பக்கத்திலேயே நின்றேன். சாப்பிட்டார். விரலைக்கூடச் சப்பினார். கை கழுவ எழுந்துவிட்டார்.

"எப்படி மிஸ்?" என்று வெட்கத்தை விட்டு நானே கேட்டேன்.

"ருசியாத்தான் தெரியுதுக்கா. ஆனா இன்னைக்கு நான் பசியாறல. வெறும் வயித்துல சாப்பிட்டுட்டு எப்படிச் சொல்றது? நாளைக்கும் கொண்டாங்க, பாத்துட்டுச் சொல்றேன்."

எனக்கு வந்ததே கோபம்! வீட்டுக்குப் போய் ஒன்றுமறியாத என் வீட்டுக்காரரைப் பிடித்து வாங்கு வாங்கென்று வாங்கினேன். மறுநாள் நல்ல மழை. "குளிருக்கு உறைப்பு எதமா இருக்கும்லக்கா, இன்னைக்கும் சொல்ல முடியாது" என்றுவிட்டார். மூன்றாம் நாள் பிரிஞ்சாங் டவுனில் இரண்டு ரொட்டி சானாய் சாப்பிட்டுவிட்டு வந்து, வெயிலில் உட்கார்ந்து, வயிறு நிறைந்திருக்கும்போதே சம்பலைத் தொட்டு நாக்கில் வைத்தார். "நல்லாருக்குக்கா. இனிமே யாரு கேட்டாலும் சொல்வேன்."

சொன்னார்தான். அதற்குப் பிறகு அவருடைய லேபுக்கு வந்த யாரையும், எவ்வளவு பெரிய அதிகாரியாக இருந்தாலும், என் சம்பலைப் பற்றி இரண்டு வார்த்தை பேசாமல் அவர் அனுப்பியதில்லை.

எங்கள் தோட்டத்துப் பழைய ஆயாக்கொட்டாயில்தான் அவருடைய லேப். கொழுந்து எடுக்கப் போகிற தாய்மார்கள் முன்பெல்லாம் கைப்பிள்ளைகளை அங்கேதான் விட்டுவிட்டுப் போவார்கள். லைன் வீடுகளில் பிள்ளைகள் குறைந்து கொட்டாய் பூட்டிக் கிடந்தது. தோட்டத்துத் துரை அதை ஆராய்ச்சிக்காரர்களுக்குக் கொடுத்தார். சுவரில் வரைந்திருந்த மஞ்சள் வாத்துகளை யாரும் அழிக்கவில்லை. அந்த வாத்துகளுக்குக் கீழே குளிர்ப்பெட்டி, கம்ப்யூட்டர், ஒரு மூலையில் கிர்ரென்று சுற்றுகிற இயந்திரம். கொழுந்து எடுத்து எடுத்து இடுப்பு போன எனக்கு அங்கே கூட்டவும் போத்தல் கழுவவும் வேலை கிடைத்தது. கழுவுகிற விஷயத்தில் நான் கொஞ்சம் திமிர் பிடித்தவள். என் வீட்டுச் சட்டியின் அடியில் முகம் பார்த்துப் பொட்டு வைக்கலாம்.

ஆள் குள்ளம். முகத்தில் பாதி கண்ணாடி. ஆண்கள் போடுகிற குளிர்ச்சட்டை, கையை நாலு மடிப்பு மடித்துவிட்டிருப்பார். ஒரு காலுறை ஒரு நிறம், இன்னொன்று வேறு நிறம். சொன்னால், "ரெண்டும் சூடாத்தானே இருக்கு" என்பார். வயது முப்பத்துமூன்றோ நாலோ. எனக்குத் தங்கை வயது. லைனில் எல்லாரும் டாக்டர் என்றார்கள். நான் மட்டும் மிஸ்.

டாக்டர் என்ற பேர் பரவினால் என்ன நடக்கும்? முதல் வாரமே கங்காணி வந்து காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"ஐயா, நான் மனுஷ டாக்டர் இல்ல. மிளகாய்ச் செடியில வர்ற வைரஸப் புடிக்கப் பாக்குற ஆளு."

"பரவால்லம்மா. செடிக்குப் பாக்குற மாதிரியே பாருங்க."

பார்த்தாரே! ஏறும்போது வலிக்கிறதா, இறங்கும்போது வலிக்கிறதா என்று மூன்று நாள் தாளில் எழுதிவரச் சொன்னார். கங்காணியும் பள்ளிக்கூடப் பையன் மாதிரி எழுதிக்கொண்டு வந்தார். அந்தத் தாளோடு டவுன் ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவைத்தார். இத்தனை தெளிவாக வலியைச் சொன்ன நோயாளியைப் பார்த்ததில்லை என்று அங்கே சொன்னார்களாம். கங்காணி அந்தப் பெருமையிலேயே பாதி குணமாகிவிட்டார்.

அவருடைய வேலை என்னவென்று எனக்கு முதலில் விளங்கவில்லை. ஒரு நாள் கேட்டேன். என் கைலியின் ஓரத்தைப் பிடித்துக் காட்டினார். தேயிலைக் காட்டு வழியாக நடந்து வந்ததில் செம்மண்ணும் ஒட்டுப்புல்லும் ஒட்டியிருந்தன.

"இத ஒதறுங்கக்கா."

உதறினேன். மண் போய்விட்டது. ஒட்டுப்புல் போகவில்லை.

"மண்ணு சும்மா மேல உக்காந்திருந்துச்சு. புல்லுக்குக் கொக்கி இருக்கு, அது புடிச்சிருக்கு. நான் அந்த மாதிரி கொக்கி செய்யறேன். வைரஸோட மேல்சட்டையப் புடிக்கிற கொக்கி."

அந்தக் கொக்கிக்குப் பேர் பெப்டைட். அமினோ அமிலம் என்கிற மணிகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கோர்த்த குட்டி மாலை. செடியிலிருந்தோ மிருகத்திலிருந்தோ எடுத்ததில்லை, மனுஷர்கள் கோர்த்தது. எந்த மணிக்குப் பக்கத்தில் எந்த மணி வந்தால் வைரஸின் சட்டையைப் பிடிக்கும் என்று அவர் கம்ப்யூட்டரில் வரைந்து பார்ப்பார். வரிசையை எழுதிக் கோலாலம்பூருக்கு அனுப்பினால், அங்கே இயந்திரத்தில் கோர்த்து, நகக்கண் அளவு வெள்ளைத் தூளாகக் குப்பியில் அனுப்புவார்கள். அது கிடைத்த அன்று குழந்தை பிறந்த வீடு மாதிரி ஆயாக்கொட்டாயே குதூகலமாகிவிடும்.

பிறகு சோதனை. தட்டு முழுக்கச் சின்னச் சின்னக் குழிகள். சில வரிசைகளில் நோய் வந்த மிளகாய் இலைச் சாறு, சில வரிசைகளில் நல்ல இலைச் சாறு. மேலே மாலையைக் கரைத்து ஊற்றுவார். அப்புறம் உப்புத் தண்ணீரால் கழுவுவார். சும்மா உட்கார்ந்திருப்பது போய்விடும், கொக்கி போட்டது நிற்கும். கடைசியில் நிறத் தண்ணீர். மாலை நின்றிருந்தால் அந்தக் குழி நீலமாகும். நோய்ச் சாறு நீலமாகி, நல்ல சாறு தண்ணீராகவே இருந்தால் வெற்றி.

கழுவும்போது வாய்விட்டு எண்ணுவார். "ஒன்னு… ரெண்டு… மூணு." அவருடைய மொத்த வாழ்க்கையும் அந்த எண்ணிக்கையில்தான் ஓடியது. துணிக்கடையில் சாயம் போகாது என்றால், "கழுவிட்டு வந்து சொல்றேன்." ஈப்போவிலிருந்து ஓர் இன்ஜினியர் மாப்பிள்ளையின் படத்தை அவருடைய அம்மா போனில் அனுப்பியபோதும் அதே கதைதான்.

"பையன் நல்லவன்னு எப்படிம்மா தெரியும்? மூணு தடவ சண்ட போட்டுப் பாத்தியா?"

"நான் ஏன்டி அவன்கிட்ட சண்ட போடணும்?" என்று அந்த அம்மா கத்தியது எனக்குச் சுவர் வரைக்கும் கேட்டது. அந்த மாப்பிள்ளை என்ன ஆனார் என்று தெரியவில்லை. பிழைத்துக்கொண்டார் என்று நினைக்கிறேன்.

இதையெல்லாம் எதற்குச் செய்கிறார் என்பது முனியாண்டி அண்ணன் வந்த அன்றுதான் எனக்கு உறைத்தது. அண்ணன் லெம்பா பெர்த்தாம் பள்ளத்தாக்கில் மிளகாய் போட்டிருந்தார். வெள்ளத்தில் சேறு வந்து தோட்டத்தை மூடிய காலத்திலும் ஊரை விட்டுப் போகாதவர். ஒரு பை நிறைய இலைகளைக் கொண்டுவந்து மேசையில் கொட்டினார். எல்லாம் சுருண்டு, திட்டுத் திட்டாக மஞ்சள் பூத்திருந்தன.

"சின்னச் செடியா இருக்கறப்ப ஒன்னும் தெரியலம்மா. பச்சப் பசேல்னு நிக்குது. கண்ணுக்குத் தெரியறப்ப பக்கத்து வரிசைக்கும் பூச்சி கொண்டுபோயிடுது. மருந்தும் இல்லேங்கறாங்க. எந்த நாத்து கெட்டதுன்னு முன்னாடியே தெரிஞ்சா அத மட்டும் புடுங்கிப் போட்டுருவேன்லா."

"அதுக்குத்தாண்ணே பாக்கறோம். கொக்கி கெடச்சா ஒரு காகித அட்டையில அதத் தடவிக் குடுத்துருவேன். இலைய நசுக்கி அட்டைய நனைச்சா, வைரஸ் இருந்தா கோடு விழும்."

"எப்பம்மா கெடைக்கும்?"

வேறு யாராக இருந்தாலும் சீக்கிரம் என்று சொல்லியிருப்பார்கள். இவர், "தெரியலண்ணே" என்றார். அண்ணன் முகம் தொங்கிப்போயிற்று. எனக்கு இவரைப் பிடித்து உலுக்கலாம் போல இருந்தது.

திட்டம் இரண்டு வருஷத்துக்கு. இரண்டாம் வருஷம் முடிய ஒரு மாதம் இருந்தபோது மேலிடத்திலிருந்து கடிதம் வந்தது. வியாழக்கிழமை மூன்று பேர் பார்வையிட வருகிறார்கள். வைரஸைப் பிடிக்கிற மாலை ஒன்றாவது இருந்தால் மேற்கொண்டு காலம் கொடுப்பார்கள். இல்லையென்றால் ஆயாக்கொட்டாய்க்குப் பூட்டு. அவர் மலையை விட்டுக் கீழே போக வேண்டும். முனியாண்டி அண்ணன் அட்டைக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. நான் மறுபடி இடுப்பில் துணியைக் கட்டிக்கொண்டு, காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்கு நிற்க வேண்டும்.

அப்போது கையில் இருந்தது கடைசிப் பன்னிரண்டு குப்பி. பதினொன்று ஒழுங்காகக் கோர்த்தது. பன்னிரண்டாவது வேண்டுமென்றே கோணலாகக் கோர்த்தது. நாலாவது குப்பியில் இருக்கிற அதே மணிகள்தான், வரிசையை மட்டும் கலைத்துப் போட்டிருந்தார். அது எதையும் பிடிக்கக் கூடாது. பிடித்தால் சோதனையில் கோளாறு என்று அர்த்தம். அதற்கு நான் வெட்டிப்பய என்று பேர் வைத்தேன்.

திங்கட்கிழமை நிறத் தண்ணீரை ஊற்றினார். பத்து நிமிஷத்தில் தட்டில் நோய்ச் சாறு இருந்த வரிசைகளெல்லாம் நீலம். ஒன்று, இரண்டு இல்லை, பன்னிரண்டும்! நல்ல சாறு இருந்த குழிகள் பளிங்கு மாதிரி. நான் கையைத் தட்டிவிட்டேன். கோயில் பக்கம் திரும்பிக் கும்பிடக்கூடச் செய்தேன்.

அவர் தட்டைப் பார்த்தபடியே நின்றார்.

"பன்னெண்டுமாக்கா? ஒரு வகுப்புல பன்னெண்டு பிள்ளைங்களும் எங்கயாச்சும் முதல் மார்க்கு வாங்குமா? வெட்டிப்பயலும்ல வாங்கிருக்கான்."

கோலாலம்பூரில் இருக்கும் அவருடைய மேலதிகாரிக்குப் படம் போயிற்று. உடனே போன். சத்தமாகவே பேசுகிறவர், எனக்கும் கேட்டது.

"ரொம்ப அழகா இருக்கும்மா! வியாழக்கிழமை இதையே காட்டிடுங்க. அந்தப் பன்னெண்டாவதக் காட்ட வேணாம், ஓரமா வச்சிடுங்க."

"சார், அதுதான் சார் தப்புன்னு சொல்லுது."

"காலம் வாங்கிட்டு அப்புறம் பாத்துக்கலாம்லா."

"அப்புறம் பாத்தா, இப்ப என்ன காட்டறோம் சார்?"

போனை வைத்துவிட்டுத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். போன தடவைக்கும் இந்தத் தடவைக்கும் என்ன மாறியது என்று பட்டியல் போட ஆரம்பித்தார். தூள் மாறவில்லை. உப்பு மாறவில்லை. தட்டு அதே பெட்டியில் எடுத்தது.

"அக்கா, நீங்க எதாச்சும் மாத்துனீங்களா?"

"நானா? நான் என்னத்த மாத்தப் போறேன்?" என்று வெடுக்கென்று சொன்னேன். சொல்லி வாய் மூடுவதற்குள் என் கண் அலமாரிப் பக்கம் போயிற்று. சிவப்பு மூடிப் போத்தல் ஞாபகத்துக்கு வந்துவிட்டது.

நோய்ச் சாற்றுக்குச் சிவப்பு மூடிப் போத்தல், நல்ல சாற்றுக்கு வெள்ளை மூடிப் போத்தல். சிவப்பு மூடிப் போத்தல் விரிசல் விட்டதால் போன வாரம் புதுசு வந்திருந்தது. திறந்தால் குப்பென்று பிளாஸ்டிக் நாற்றம். எங்கள் தோட்டத்தில் புதுப் பிளாஸ்டிக் போத்தல் வாங்கினால் எல்லா வீட்டிலும் ஒரே வழிதான். சுடுதண்ணீரில் தேயிலைத் தூளைப் போட்டு, போத்தல் நிறைய ஊற்றி, ஊற வைப்பது. நாற்றம் ஓடிவிடும். நானும் அக்கறையாகத்தான் அதைச் செய்தேன். சோப்புப் போட்டுக் கழுவி, வெயிலில் கவிழ்த்து, வாசம் பார்த்து, திருப்தியாக அலமாரியில் வைத்தேன்.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். "வாய மூடிக்கிட்டு இரு. வேல போயிரும்" என்றார். மூடிக்கொண்டுதான் இருந்தேன். ஆனால் சோறு இறங்கவில்லை. செவ்வாய்க்கிழமை போனால், மனுஷி எல்லாப் போத்தலையும் தரையில் பரப்பி வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருக்கிறார். வைத்த டீ ஆறிக் கிடக்கிறது. என்மேல் ஒரு சந்தேகம் இல்லை. அதுதான் என்னைக் கொன்றது. எதையும் ஒரு தடவையில் நம்பாதவர், நான் 'மாத்தல' என்றதை ஒரு தடவையிலேயே நம்பியிருக்கிறார்.

"மிஸ், அந்தச் சிவப்பு மூடி. நான்தான் அதுல தேத்தண்ணி ஊத்தி வச்சேன்." சொல்லிவிட்டு அழுதேவிட்டேன்.

அவர் போத்தலை எடுத்து மூக்கில் வைத்தார். பேனாவை எடுத்தார்.

"தூளா, இலையாக்கா?"

"தூளு மிஸ். நம்ம ஃபேக்டரித் தூளு."

"எவ்ளோ?"

"ரெண்டு கரண்டி."

"எவ்ளோ நேரம் ஊறுச்சு?"

"சாயங்காலம் ஊத்துனேன், காலையில கொட்டுனேன். மிஸ், திட்டறதுன்னா திட்டிருங்க. இப்படி எழுதிக்கிட்டு இருக்காதீங்க!"

எழுதி முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தார். அப்புறம் ஒரு சிரிப்பு வந்தது பாருங்கள், கண்ணாடி நழுவி மடியில் விழுந்தது.

"தேயிலையில இருக்கற தொவர்ப்பு, கைக்குக் கெடச்சது எல்லாத்தையும் புடிச்சிக்கும்க்கா. போத்தலு உள்ள அது ஒட்டியிருந்து சாத்துல எறங்கிருக்கு. என் பன்னெண்டு பேரும் வைரஸப் புடிக்கல. தேயிலையப் புடிச்சிக்கிட்டுத் தொங்கிருக்கானுங்க!"

திட்டு இல்லை என்றதும் எனக்கு உயிர் வந்தது. ஆனால் எதையும் ஒரு தடவையில் நம்பாதவர் என்று அவரைச் சும்மாவா சொன்னேன்? கண்ணைத் துடைத்துக்கொண்டு நான் எழுவதற்குள், இரண்டு புதுப் போத்தலை என் கையில் கொடுத்தார்.

"ஒன்னுல அதே மாதிரி தேத்தண்ணி ஊத்தி ஊற வையுங்க. இன்னொன்ன சும்மா கழுவுங்க. ரெண்டுலயும் நல்ல இலைச் சாறு விட்டுப் பாப்போம்."

"அதான் நான் சொல்லிட்டேனே மிஸ்?"

"நீங்க சொன்னீங்க. அதுதான் காரணமான்னு பாக்க வேணாமா?"

புதன்கிழமை காலை பார்த்தார். தேத்தண்ணி ஊறிய போத்தலில் விட்ட சாறு, நோயே இல்லாத இலைச் சாறு, நன்றாக நீலமாயிற்று. மற்றது தண்ணீராகவே இருந்தது.

"அக்கா, நீங்க சொன்னது உண்மைதான்."

"உண்மையில்லாம? பொய் சொல்லி அழறதுக்கு எனக்கென்ன பைத்தியமா?" என்று கத்தினேன். குற்றம் செய்தவள் நான், கோபமும் எனக்குத்தான். அவர் அதற்கும் சிரித்தார்.

அன்று மத்தியானம் கண்ணாடிப் போத்தலை வைத்துப் பன்னிரண்டையும் மறுபடி சோதித்தார். பதினோரு வரிசையில் ஒன்றுமில்லை. நாலாவது குப்பியின் வரிசையில் மட்டும், சலவைக்கு ஒரு சொட்டு நீலம் விட்ட தண்ணீர் போல ஏதோ தெரிந்தது. உற்றுப் பார்த்தால் இருக்கிறது, தள்ளி நின்றால் இல்லை. மேலதிகாரி போனில் கத்தினார். திங்கட்கிழமைத் தட்டைக் காட்டாவிட்டால் லேப் போனதுதான் என்றார். "போனாப் போகட்டும் சார்" என்று இவர் சொன்னபோது குரல் கொஞ்சம் உடைந்தது. மூன்று வருஷத்தில் அந்த ஒரு தடவைதான் அப்படிக் கேட்டேன்.

வியாழக்கிழமை மூன்று பேரும் வந்தார்கள். இரண்டு ஆண்கள், ஒரு வயதான அம்மா. அந்த அம்மாதான் தலைவி, சிரிக்கிற பழக்கமில்லை. நான் வாசலருகே ஒதுங்கி நின்றேன். நம் ஆள் மறைக்காமல் எல்லாவற்றையும் சொல்ல ஆரம்பித்தார். பன்னிரண்டும் நீலமானது, தேயிலை, போத்தல், எல்லாம். என் பேரை மட்டும் சொல்லவில்லை. 'நாங்க செஞ்ச தப்பு' என்றார். எனக்கு அப்படியே பூமிக்குள் போய்விடலாம் போல இருந்தது.

"அப்ப மிஞ்சினது ஒன்னுதான்?" என்றார் தலைவி.

"ஒன்னுதான் மேடம். அதுவும் லேசா. வேணும்னா இங்கயே இப்பவே பாக்கலாம்."

நோய்ச் சாறும் நல்ல சாறும் விட்ட தட்டு தயாராக இருந்தது. நாலாவது மாலையை ஒரு வரிசையிலும் வெட்டிப்பயலை இன்னொரு வரிசையிலும் விட்டார். ஊறுகிற நேரத்தில் நான் எல்லாருக்கும் டீ கொடுத்தேன். மூன்று பேரும் குவளைக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு, அப்புறம்தான் குடித்தார்கள்.

கழுவுகிற நேரம் வந்தது. கழுவுகிற போத்தலை எடுத்தார். தலைவியிடம் நீட்டப்போகிறார் என்று நினைத்தேன். நேராக என்னிடம் வந்தார்.

"அக்கா, நீங்க கழுவுங்க."

"மிஸ், நான் வேணாம் மிஸ்!"

அவர் அந்த மூன்று பேர் பக்கம் திரும்பினார். "இவங்க சரோஜா அக்கா. இந்த மலையில இவங்க மாதிரி கழுவற ஆள் கெடையாது. இத நான் ரெண்டு வருஷம் பாத்துட்டுச் சொல்றேன். இவங்க கழுவியும் நின்னுச்சுன்னா அது நின்னதுதான்."

குனிந்து கழுவினேன். "ஒன்னு… ரெண்டு… மூணு" என்று அவர் எண்ணினார். மூன்றோடு நிறுத்துவார் என்று பார்த்தால், தலைவி "இன்னும்" என்றார். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. கழுவு என்றால் கழுவுகிறேன்! சட்டிக்குக் கொடுக்கிற கவனத்தை அந்தச் சின்னக் குழிகளுக்குக் கொடுத்தேன். எட்டுத் தடவை. ஒட்டுகிற எண்ணமில்லாத எதுவும் அதற்கப்புறம் அங்கே இருந்திருக்காது.

நிறத் தண்ணீர் விட்டு உட்கார்ந்தோம். ஐந்து நிமிஷம் ஒன்றுமில்லை. ஏழாவது நிமிஷம் தலைவி கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக் குனிந்தார். நாலாவது மாலையின் வரிசையில் அந்தச் சலவை நீலம். வெட்டிப்பய வரிசை தெளிந்த தண்ணீர். நல்ல சாறு தெளிந்த தண்ணீர்.

"லேசாத்தான் இருக்கு," என்றார் தலைவி.

"ஆமா மேடம்," என்றார் நம் ஆள்.

"ஆனா இருக்கு." முதல் தடவையாக அந்த அம்மா சிரித்தார். "ரெண்டு வருஷம் கேட்டிருக்கீங்க. ஒரு வருஷம் தர்றோம். இந்த ஒன்ன பலமாக்கிக் காட்டுங்க."

அவர்கள் வண்டி வளைவு திரும்புகிற வரைக்கும் பொறுத்திருந்துவிட்டு நான் மிஸ்ஸைக் கட்டிப்பிடித்தேன். அவர் என்னைத் தட்டிக்கொடுத்துவிட்டு உள்ளே போய் நோட்டை எடுத்தார். எல்லாம் ஆங்கிலத்தில் எழுதுகிறவர், ஒரு வரியை மட்டும் எனக்காகத் தமிழில் எழுதினார். 'கழுவியவர்: சரோஜா அக்கா. எட்டுத் தடவை.'

அந்த ஒரு வருஷமும் நாலாவது மாலையில் ஒவ்வொரு மணியாக மாற்றிக் கோர்த்துப் பார்த்தார். சலவை நீலம் மெல்ல மெல்லக் கெட்டி மை நீலமாயிற்று. முதல் அட்டையை முனியாண்டி அண்ணனின் தோட்டத்திலேயே நனைத்தோம். பச்சைப் பசேலென்று நின்ற ஒரு நாற்றில் கோடு விழுந்தது. அண்ணன் பிடுங்கப் போனார். இவர் கையைப் பிடித்துக்கொண்டு, "இருங்கண்ணே, இன்னும் ரெண்டு அட்டையில பாத்துருவோம்" என்றார். அண்ணன் தலையில் அடித்துக்கொண்டார். மூன்றிலும் விழுந்தது.

வருஷம் முடிந்து அவர் கீழே போகிற நாள். வேலை இனிமேல் பெரிய லேபில்தான் நடக்கும். என்னைக் கொட்டாயிலேயே காவலுக்கும் நாற்றுப் பண்ணைக்கும் வைத்துக்கொண்டார்கள். வாத்துச் சுவர்ப் பக்கம் நின்று நான் விம்மினேன்.

"உங்கள ஒருநாளும் மறக்க மாட்டேன் மிஸ். நீங்க எனக்குக் கூடப்பொறந்த தங்கச்சி மாதிரி."

அவருக்கும் கண் கலங்கித்தான் இருந்தது. வாயைத் திறந்து என்ன சொன்னார் தெரியுமா?

"இப்பச் சொல்லாதீங்கக்கா. பிரியறப்ப எல்லாருக்கும் அப்படித்தான் இருக்கும். மூணு வருஷம் போகட்டும், அப்பச் சொல்லுங்க."

அழுகை அப்படியே நின்றுவிட்டது எனக்கு. நானென்ன பெப்டைட்டா? வண்டி போனதும் வீட்டுக்காரரிடம், "மனுஷியா அது? இனிமே அந்தப் பேச்சே எடுக்காதீங்க" என்றேன். அவர் எடுக்கவில்லை. நான்தான் தினமும் எடுத்தேன். தீபாவளிக்கு வாழ்த்து அனுப்புவார், நானும் பதிலுக்கு ஒரு வாழ்த்து, அவ்வளவுதான். ரோஷம்!

போன மாதம் ஒரு நாள், நாற்றுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தபோது போன் அடித்தது.

"அக்கா, கம்போங் ராஜா பக்கமெல்லாம் இப்ப நம்ம அட்டைதான் வச்சுப் பாக்கறாங்களாம். கேள்விப்பட்டீங்களா?"

"கேள்விப்பட்டேன் மிஸ். முனியாண்டி அண்ணன் எல்லார்கிட்டயும் மூணு மூணா நனைக்கச் சொல்லி உயிர வாங்குறாரு."

சிரித்தார்.

"அக்கா, இன்னைக்கோட மூணு வருஷம். அன்னைக்கு ஒன்னு சொன்னீங்களே. இப்பச் சொல்லுங்க."

தண்ணீர்க் குழாய் கையை விட்டு விழுந்து என் காலெல்லாம் நனைந்தது. தேதி பார்த்துக் காத்திருந்திருக்கிறார். ஆனால் மூன்று வருஷக் கோபத்தை அவ்வளவு லேசில் விட்டுவிடுவேனா?

"இருங்க மிஸ். இன்னைக்கு நான் பசியாறல. நாளைக்கும் கூப்புடுங்க, பாத்துட்டுச் சொல்றேன்."

மறுநாளும் கூப்பிட்டார். அன்று எங்களுக்கு மழை, முடியாது என்றுவிட்டேன்.

மூன்றாம் நாள் சொன்னேன்.